ஊர்ப்பெயரும் உரிமையே!

நாடு காணச் செல்வோருள் கண்ணால் காண்போர் உளர். செவியால் கேட்டறிவோர் உளர். நாவால் மட்டுமே காண்போரும் உளர். இம்மூன்றாம் வகையினர் இற்றை நாளில் பெருகிவிட்டனர். மேலைநாட்டு ஊரொன்றில் கால்வைத்த மாலையே குடிமனை தேடிப் புகுவர். அவ்வூரில் வடிக்கும் குடிவகையில் ஒரு குவளை பெறுவர். அதன் நிறம் பொன்னோ செம்போ, நுரை தடித்ததோ மெலிந்ததோ, கசப்பு நாவின் நுனியில் நிற்கிறதோ அடியில் நிற்கிறதோ என்று குறிப்பெழுதுவர். படம் பிடிப்பர். மறுநாள் மற்றோர் ஊர், மற்றொரு குவளை. வீடு திரும்பியபின், "பத்து நாளில் இருபது வகை பார்த்தாயிற்று" என்று மார்தட்டுவர். நாடு காண் செலவின் பயன் முடிந்தது!

இவர்களை நோக்கிக் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. பருகிய இருபதனுள் ஒன்றன் பெயரையேனும் அவ்வூரார் ஒலிக்குமாறு ஒலிக்கத் தெரியுமா? அப்பெயரின் பொருள் தெரியுமா? அப்பெயரைக் காத்துக் கொள்ள அவ்வூரார் நூறாண்டுக்கு மேலாக நடத்திவரும் போராட்டம் தெரியுமா? மூன்றுக்கும் விடை இல்லையென்றால், அவர்கள் கண்டது நாடன்று, குவளையின் அடியையே!

இது குடிக்குப் பரிந்து பேசும் கட்டுரையன்று. கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்த திருவள்ளுவரை ஆசானாகக் கொண்டோர்க்குக் குடியின் கேட்டைப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இங்குப் பேச்சு குடியைப் பற்றியதன்று. குடிவகைக்கு ஓர் இனம் தன் வாயால் இட்ட பெயரைப் பற்றியது. அப்பெயரை மற்றொருவன் பறித்துக்கொண்ட களவைப் பற்றியது. நமக்கு வேண்டாத பொருள் களவு போயினும் களவு களவே.

முதற்கண் சொல்லைத் தெளிவு செய்து கொள்ளல் வேண்டும். 'பீர்' என்று ஆங்கிலர் சொல்ல, தமிழரும் அவ்வாறே சொல்லிவரும் குடிவகை யாது? பார்லி என்னும் வாற்கோதுமையை முளைகட்டி உலர்த்தி, நீரிலிட்டுக் காய்ச்சி, கசப்புப் பூச்சேர்த்து, நொதிக்க விட்டு எடுப்பது. கூலத்தினின்று வடிக்கும் குடிவகை தமிழினத்துக்குப் புதிதன்று. நெல்லைக் கொண்டு வீட்டிலே சமைத்த கள்ளுக்குத் 'தோப்பி' என்னும் பெயர் பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. அரிசிக் களியைத் துழாவி ஆற்றி, அடை கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியிலே விளையவிட்டுப் பிழிந்தெடுக்கும் செய்முறையும் அந்நூலிலேயே உள்ளது. பெயர் இருக்க இரவல் எதற்கு? அஃது நெல் தோப்பி. இஃது வாற்கோதுமைத் தோப்பி. அவ்வளவே வேறுபாடு.

இனி, செக்கியர் நாட்டுக்குச் செல்வோம். தோப்பிச் சுவை தேடி உலகைச் சுற்றுவோர் தவறாது போய்ச் சேரும் நாடு அது. ஆண்டுக்குத் தலைக்கு இத்தனை என்று அளந்து பார்த்தால், தோப்பி பருகுவதில் உலகின் முதலிடம் நெடுங்காலமாக அந்நாட்டினுடையதே. பிராகு நகரின் பழைய தெருக்களில் எந்நாட்டுச் செலவாளரையும் காணலாம். எல்லார் கையிலும் குவளையைக் காணலாம். ஆயின், அக்குவளைக்குப் பின்னே நிற்கும் மொழிப்போரின் வரலாற்றை அவர்களுள் எத்துணைப் பேர் அறிவர்?

1620-இல் பிராகுக்கு அருகே வெண்மலை என்னுமிடத்தில் நடந்த போரில் செக்கியப் பெருங்குடியினர் ஆபுசுபர்க்குப் பேரரசரிடம் தோற்றனர். அன்று வீழ்ந்தது ஆட்சி மட்டுமன்று. மொழியும் மெல்ல மெல்ல அரியணையினின்று இறக்கப்பட்டது. 1627-ஆம் ஆண்டுச் சட்டத்தால் செருமானிய மொழி செக்கியத்தோடு ஒப்ப நிறுத்தப்பட்டது. ஒப்ப நின்றது பின்னர் ஓங்கி நின்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் உயர்கல்விக்கும் ஆட்சிக்கும் செருமானியமே மொழியாயிற்று. செக்கியம் உழவன் வாயிலும் ஏவலன் வாயிலும் மட்டும் உயிர்பிடித்துக் கிடந்தது. 1809-இல் தோபுரோவ்சுகி என்னும் பேரறிஞர் செக்கிய மொழிக்கு இலக்கண நூல் எழுதினார். எம்மொழியில் எழுதினார்? செருமானியத்தில்! தன் மொழியின் இலக்கணத்தைத் தன் மொழியில் எழுதினால் கற்றோர் படியார் என்னும் இழிநிலை. இந்நிலை தமிழ் மாணவர்க்கு விளங்காத நிலையன்று.

அந்த இருட்காலத்தில் ஒரு தோப்பி வடிப்பவர் செய்த செயலைக் கேளுங்கள். பவுபியே என்பது அவர் பெயர். புருனோ நகரில் தொழில் செய்தவர். வெப்பமானியும் நீர்மத்தின் செறிவை அளக்கும் கருவியும் கொண்டு, கைப்பழக்கமாக இருந்த தொழிலை அளவறிந்து செய்யும் அறிவியலாக மாற்றியவர்களுள் ஒருவர். முதலில் 1794-இல் செருமானிய மொழியில் நூலெழுதினார். பின்னர், 1801-இல், செக்கியத் தொழிலாளர் படித்து உணரும் வண்ணம் செக்கிய மொழியிலேயே தோப்பித் தொழில்நூல் எழுதி வெளியிட்டார். கற்றோர் தம் மொழிக்கு இலக்கணத்தையே அயன்மொழியில் எழுதிக்கொண்டிருந்த காலத்துக்கும் எட்டாண்டு முன்னரே, தொழிலாளி ஒருவர் அறிவியலைத் தம் மொழியில் எழுதிவிட்டார்! அறிவியலுக்குத் தாய்மொழி போதாது என்று இன்றும் ஏங்கும் பேராசிரியர்கள் பவுபியேயை எண்ணிப் பார்க்கட்டும்.

அவர் நாட்டில் அத்தொழிலின் சொற்கள் எவ்வாறு உள்ளன என்றும் பார்க்க வேண்டும். தோப்பிக்கு அவர்கள் சொல் 'பிவோ'. பருகுதல் என்னும் பொருளுடைய அவர்தம் வினையிற் பிறந்தது. பருகப்படுவது என்பது பொருள். தோப்பி வடிக்கும் ஆலைக்குப் 'பிவோவர்'. 'வர்' என்பது காய்ச்சுதல், எனவே தோப்பிகாய்ச்சுமிடம். முளைக்கூலத்துக்குச் 'சுலாத்', இனிப்பைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. முளைக்கூலத்தினின்று இறங்கும் இனிய சாற்றுக்குச் 'சுலாதினா'. அது பூச்சேர்ந்து கொதித்தபின் 'மிலாதினா'. இளமை என்னும் பொருளடியாகப் பிறந்த சொல், இன்னும் முதிராத தோப்பி என்பது கருத்து. குளிர்ந்த நிலவறையில் நெடுநாள் கிடந்து முதிர்ந்ததற்கு 'லெசாக்'. கிடத்தல் என்னும் வினையடியாகப் பிறந்தது. வேரும் விளங்கும், வினையும் விளங்கும், கேட்டவுடன் கடைசித் தொழிலாளிக்கும் பொருள் விளங்கும். இதுவன்றோ உயிருள்ள மொழி! சொல்லைக் கேட்டதும் செயல் கண்முன் நிற்கவேண்டும். அவ்வாறு நிற்கச் செய்யும் ஆற்றல் தாய்மொழிக்கே உண்டு.

யுங்மான் என்னும் ஆசிரியர் 1834 முதல் 1839 வரை ஐந்து தொகுதிகளாகச் செக்கிய–செருமானியப் பேரகரமுதலியை வெளியிட்டார். மொழி மீட்பின் கோட்டை அது. மேலைநாடுகளில் பெரும்பாலான மொழிகள் நாடகக் கொட்டகைக்கும் இசைக்கும் கிரேக்கச் சொற்களையே வைத்துக் கொண்டிருக்க, செக்கியர் 'திவாத்லோ' என்றும் 'உதுபா' என்றும் தம் சொற்களையே வழங்குகின்றனர். முன்னதன் வேர் காணுதல் என்னும் வினை. மீட்க முடியாது என்று கற்றோர் கைவிட்ட மொழியை மீட்டுக் காட்டிய இனம் அது.

அகரமுதலி முற்றுப்பெற்ற அதே 1839-இல்தான், பில்சென் நகரக் குடிகள் தமக்கெனப் பொதுத் தோப்பியாலை ஒன்றைக் கட்ட முடிவு செய்தனர். கரணியம் உண்டு. 1838-இல் கெட்டுப்போன தோப்பி 36 மிடாக்களை நகரமன்றத்தின் முன்னே கொட்டிக் கவிழ்த்தனர். தரம் கெட்டதை விற்பதினும் தெருவில் ஊற்றுவது மேல் என்னும் மானவுணர்வு அது. யோசேப்பு குரோல் என்னும் பவேரிய இளைஞரை அழைத்து வந்தனர். 1842 அக்தோபர் 5-ஆம் நாள் அவர் முதல் கொதி இறக்கினார். உப்புக் குறைந்த மென்னீர், வெளிறக் காய்ந்த முளைக்கூலம், சாத்தெட்சு வட்டாரத்தின் மணமிக்க கசப்புப்பூ, அடியில் தங்கி நொதிக்கும் நொதி, குளிர்ந்த நிலவறை ஆகிய இவை ஐந்தும் கூடியபோது, உலகம் அதுவரை பெரிதும் கண்டிராத தெளிந்த பொன்னிறத் தோப்பி பிறந்தது. இன்று உலகில் விற்கும் தோப்பியில் மிகப் பெரும்பகுதி அந்தப் பில்சென் குவளையின் வழித்தோன்றலே.

இங்கே ஒருவர் இடைமறிக்கலாம். "வடித்தவர் பவேரியர், அடிநொதி முறையும் பவேரியாவினது, முளைக்கூலத்தை வெளிறக் காயவைக்கும் முறை இங்கிலாந்தினது. பின்னர் இதில் செக்கியத் தனித்தன்மை எங்கே?" என்று கேட்கலாம். கேள்வி நேர்மையானதே. விடையும் நேர்மையானதாக இருக்கவேண்டும். அறிவு எங்கிருந்து வந்தாலும் கொள்ளலாம், கொண்டே ஆகவேண்டும். தனித்தமிழ் இயக்கம் அறிவுக்குக் கதவடைக்கும் இயக்கம் என்போர் அதன் அகரமும் அறியாதவர். பிறர் கலையைக் கற்பது வளர்ச்சி. கற்றதை நம் மண்ணில் நட்டு, நம் நீர் பாய்ச்சி, நம் சொல்லால் அழைப்பது உரிமை. கலையோடு சேர்த்துப் பெயரையும் இரவல் வாங்குவதே அடிமைத்தனம். பில்சென் மக்கள் குரோலை அழைத்தனர். தம் ஊர்ப்பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. மூன்றாண்டில் குரோல் தம் ஊருக்குத் திரும்பினார்; தோப்பி பில்செனிலேயே நின்றது.

ஆனால் பெயர் நின்றதா? அங்கேதான் களவு தொடங்குகிறது. பில்சென் தோப்பியின் புகழ் பரவியதும் செருமானிய ஆலைகள் தாமும் பொன்னிறத் தோப்பி வடித்து அதற்குப் 'பில்சுனர்' என்று பெயரிட்டன. பில்சென் நகரத்தார் வழக்காடினர். 'பில்சுனர் என்பது இப்போது ஓர் ஊரைக் குறிப்பதன்று. ஒரு வகையையே குறிப்பது' என்னும் கொள்கையே அங்கு வென்றது. ஊர்ப்பெயர் ஊரை விட்டுப் பிரிக்கப்பட்டது! திருநெல்வேலியைக் காணாத ஒருவன் தான் கிண்டியதற்கெல்லாம் திருநெல்வேலி அல்வா என்று பெயரிட்டுப் பின்னர், "திருநெல்வேலி என்பது ஊரன்று, இனிப்பின் வகை" என்று சட்டமும் பேசினால் எப்படியோ அப்படி. வேறு வழியின்றிப் பில்சென் ஆலையினர் 1898-இல் 'பிராசுதிரோய்' என்னும் பெயரைப் பதிந்து கொண்டனர். அதன் செருமானிய வடிவம் 'ஊர்க்குவெல்'. முதலூற்று என்பது பொருள். "பெயரை எவனும் எடுத்துக்கொள்ளட்டும்; ஊற்று எங்களுடையது" என்னும் குமுறல் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது. குவளையின் மேல் அதைப் படித்தவாறே பருகும் செலவாளர்க்கு அக்குமுறல் கேட்பதில்லை.

இதனினும் கொடியது தென் பொகீமியாவில் நடந்தது. அங்கே புதேயோவிட்சே என்னும் நகரம். 1265-இல் இரண்டாம் ஒட்டாக்கர் மன்னனால் அமைக்கப்பட்டது. தோப்பி வடிப்பு அந்நகர் தோன்றிய நூற்றாண்டிலேயே அங்கே உண்டு. செருமானியர் அந்நகரைப் 'புட்வைசு' என்றனர். அவ்வூரது என்னும் பொருளில் 'புட்வைசர்' என்பது ஊர்த்தோப்பியின் பெயராக வழங்கியது. கடல் கடந்து அமெரிக்காவில் குடியேறிய செருமானியர் ஒருவரின் நிறுவனம், செயின்ட் லூயிசு நகரில், 1876-இல் தான் வடித்த தோப்பிக்கு இப்பெயரையே சூட்டியது. அதுதான் இன்று உலகறிந்த 'பட்வைசர்'. புதேயோவிட்சேயின் நீர் அதில் இல்லை, மண் இல்லை, மக்கள் இல்லை. வாற்கோதுமையோடு அரிசியும் சேர்த்து வடிப்பது அது. ஆனால் பெயர் மட்டும் அவ்வூருடையது!

அதே காலத்தில் அவ்வூர்ச் செக்கியர் என்ன செய்தனர்? அங்கிருந்த பழைய நகராலை 1795-இல் தோன்றியது. செருமானியர் கை ஓங்கியிருந்தது. 'நம்மவர் நம்மவரிடமே வாங்குக' என்னும் முழக்கம் செக்கிய நாடெங்கும் எழுந்த காலம் அது. அதற்கு முன்னரே, பிராகு நகரில் மக்கள் கொடுத்த பணத்தால் செக்கிய நாடக மன்றம் ஒன்று எழுந்தது; 1881-இல் திறந்தனர்; அவ்வாண்டே எரிந்தது; மீண்டும் மக்களே கொடுத்து 1883-இல் மறுபடி திறந்தனர். 'இனம் தனக்குத் தானே' என்னும் பொருளுடைய தொடரை அதன் மேடை முகப்பில் பொறித்தனர். அந்த உணர்வே 1895-இல் புதேயோவிட்சேயில் செக்கியர் தம் பங்குப் பணத்தால் தமக்கென ஓர் ஆலை நிறுவக் கரணியமாயிற்று. அதுவே பின்னர்ப் 'புத்வர்' என்று பெயர் பெற்றது. ஊர்ப்பெயரின் தலைச்சீரும் காய்ச்சுதல் என்னும் சொல்லும் சேர்ந்த பெயர் அது.

அப்பெயரோடு அவர்கள் உலகச் சந்தையில் கால்வைத்தபோது, "உங்கள் ஊர்ப்பெயர் உங்களுடையதன்று, நாங்கள் முன்னமே பதிந்துவிட்டோம்" என்று அமெரிக்க நிறுவனம் வழி மறித்தது. 1911-இல் ஓர் உடன்பாடு. 1939 மார்ச்சில் மற்றோர் உடன்பாடு. அதன்படி வட அமெரிக்காவில் அப்பெயரைச் செக்கியர் விட்டுக்கொடுத்தனர். அது எந்த மார்ச்சு? இட்லரின் படை பிராகுக்குள் புகுந்த அதே மார்ச்சு! நாட்டின் கழுத்தில் கத்தி நின்ற வேளையில் பெயருக்காகப் போராட யாரால் இயலும்? நாடிழக்கும் இனம் முதலில் தன் பெயரை இழக்கிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அதன் விளைவை இன்றும் காணலாம். புதேயோவிட்சேயில் பிறந்த தோப்பி அமெரிக்கக் கடைத்தெருவில் 'செக்வர்' என்னும் மாற்றுப் பெயரோடு நிற்கிறது. பிள்ளை தன் பெயரைச் சொல்லக் கூடாது. அதன் பெயரைக் கவர்ந்தவன் அரசன் போல் உலா வருகிறான்!

அமெரிக்க நிறுவனத்துக்காகப் பேசுவோர் ஒரு வழக்குரை வைத்திருக்கின்றனர். "எங்கள் பெயர் 1876-இல் தோன்றியது, செக்கியர் ஆலை 1895-இல் தோன்றியது, எனவே நாங்களே மூத்தோர்" என்பர். கணக்குச் சரி, அறம் தவறு. ஆலைக்கு வயது பார்க்கும் இவர்கள் ஊருக்கு வயது பாரார். ஆலை 1895-இல் எழுந்திருக்கலாம். ஊர் 1265-இலிருந்து உள்ளது. அவ்வூர்த்தோப்பி நற்பெயர் பெற்றிருந்ததனால்தானே அமெரிக்கர் அப்பெயரைத் தேடி எடுத்தனர்? மதிப்பற்ற பெயரை எவனும் களவாடான். "அது செருமானியப் பெயர்தானே, செக்கியர்க்கு அதில் என்ன உரிமை?" என்றும் கேட்பர். ஊரில் வாழ்வோர்க்கு ஊரின் எல்லாப் பெயர்களிலும் உரிமை உண்டு. ஊரைக் காணாதவனுக்கு ஒன்றிலும் இல்லை. இதுவே நேர்மை.

செக்கியர் ஓயவில்லை. புத்வர் ஆலை நாட்டுடைமையாக இருந்தது. 1989-இல் ஆட்சி மாறி அரசுடைமைகள் பலவும் விற்பனைக்கு வந்தன. அமெரிக்க நிறுவனம் 1990-களில் புத்வரின் பங்கை வாங்க முயன்றது. வழக்காடிப் பெற முடியாததை விலைகொடுத்துப் பெறும் சூழ்ச்சி! செக்கிய அரசு விற்கவில்லை. இன்றும் அவ்வாலை அரசினுடையதே. 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் செக்கிய நாடு சேர்ந்தபோது, புதேயோவிட்சேத் தோப்பிக்குரிய செக்கியப் பெயர்கள் காப்புடைய ஊர்சார் பெயர்களாக ஏற்கப்பட்டன. 2010-இல், ஒன்றியம் முழுமைக்குமான தோப்பி வணிகக்குறியாகப் 'பட்வைசர்' என்பதைப் பதிந்து கொள்ள அமெரிக்க நிறுவனத்துக்கு இடமில்லை என்று ஐரோப்பிய உயர்முறைமன்றம் தீர்த்தது. இதனால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் அந்நிறுவனம் 'பட்' என்று பெயரைக் குறுக்கியே விற்கிறது. பிரித்தானியாவில் இருசாராரும் அப்பெயரை வழங்கலாம் என்பது 2013-இல் முடிந்த வழக்கின் விளைவு. முழு வெற்றியன்று, எனினும் ஒரு சிற்றூரின் ஆலை உலகப் பெருநிறுவனத்தை நூறாண்டுக்கு மேலாக எதிர்த்து நிற்கிறது. பெயரில் என்ன இருக்கிறது என்பார்க்கு இதுவே விடை. ஒன்றும் இல்லையாயின் அந்நிறுவனம் ஏன் நூறாண்டு வழக்காட வேண்டும்?

மற்ற ஆலைகளின் நிலை என்ன? முதலூற்று என்று பெயர் சூடிய பில்சென் ஆலை 1999-இல் தென்னாப்பிரிக்க நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. 2017-இல் சப்பானிய அசாகி நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. பிராகு நகரின் 'சுதாரோபிரமென்' ஆலைக்குப் பழைய ஊற்று என்பது பொருள். 2012 முதல் அது வட அமெரிக்க நிறுவனத்தின் உடைமை. முதலூற்றும் பழைய ஊற்றும் அயலார் தோட்டத்துக்குப் பாய்கின்றன! தொழில் அங்கேயே நடக்கிறது. சொல் அங்கேயே வாழ்கிறது. ஊதியம் மட்டும் கடல் கடக்கிறது. "ஊர்ச்சுவை பார்த்தோம்" என்று பூரிக்கும் செலவாளர் பலர் பார்த்தது ஊரின் பெயரையும் அயலான் பணப்பையையுமே.

இவ்வளவும் சொன்னபின், நாவால் நாடு காண்போர் சிரித்துக்கொண்டே ஒன்று சொல்வர்: "சுவைப்பதற்கு வந்தவனுக்குப் பெயரும் வரலாறும் எதற்கு? நாவுக்கு மொழி உண்டா?" உண்டு! சுவை நாவில் அரைநொடி நின்று அழியும். அதை நினைவில் நிறுத்துவது பெயர். பெயரின்றி எவனும் இரண்டாம் முறை ஒன்றைக் கேட்டுப் பெற முடியாது. பிறர்க்குச் சொல்லவும் முடியாது. சுவை நாவினது, பெயர் இனத்தினது. பெயர் அழிந்த சுவை உரிமையாளன் அற்ற பொருள். எவன் கையும் அதன்மேல் விழும். எல்லாக் குவளைகளையும் 'பீர்' என்னும் ஒற்றைச் சொல்லால் அழைத்து, வேற்றுமையை நுரையிலும் கசப்பிலும் மட்டும் தேடுகிறவன், அறியாமலே பெருநிறுவனத்தின் பக்கம் நிற்கிறான். அந்நிறுவனம் விரும்புவதும் அதுவே: ஊரும் பேரும் அற்ற ஒற்றைக் குடிவகை, உலகெங்கும் ஒரே குவளை.

இதில் தமிழர்க்குப் பாடம் உண்டா? தமிழர் இதை உலகுக்கே ஒரு காலத்தில் கற்பித்திருக்கின்றனர். புறநானூற்றின் 56-ஆம் பாட்டில், யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த குளிர்ந்த மணமுள்ள குடிவகையைப் பாண்டியன் நன்மாறன் அருந்துவதை நக்கீரர் பாடுகிறார். கடல் கடந்து வந்த பொருள், கலமும் அயலாரது, சரக்கும் அயலாரது. ஆனால் நக்கீரர் அதற்கு இட்ட பெயர் 'தேறல்'. யவனர் சொல்லை இரவல் வாங்கவில்லை. யவனரைப் பகைக்கவுமில்லை, அவர்தம் கலத்தின் நன்மையைப் பாராட்டவே செய்தார். பொருள் வந்தது, பெயர் தமிழாகவே நின்றது. அந்த நக்கீரர் வழிவந்தோர் இன்று பிராகு நகரில் அமர்ந்து, செக்கியப் பெயரையும் அறியாமல், தமிழ்ப் பெயரையும் மறந்து, ஆங்கிலப் பெயரால் ஒரு குவளை கேட்கின்றனர். ஒரே வாயால் இரண்டு மொழிகளைப் புறக்கணிக்கும் திறம் இவர்களுக்கே உரியது!

புதேயோவிட்சே மக்களின் வடு தமிழர்க்கும் உண்டு. 'மதராசு' என்னும் பெயரால் மேலைநாடுகளில் கட்டமிட்ட துணி விற்கிறது, கறித்தூள் விற்கிறது. அத்தூளைக் கண்டு, "இதை எங்கள் வீட்டில் எவரும் அரைத்ததில்லையே" என்று வியக்காத தமிழ்ப்பெண் இல்லை. 1996-இல் தலைநகர் சென்னை என்னும் பெயரை அனைத்து மொழியிலும் பெற்றது. 2020 சூனில், தமிழகத்தின் 1018 ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்திலும் தமிழ் ஒலிப்படியே எழுத அரசு ஆணையிட்டது. சில நாள்களிலேயே அவ்வாணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எழுத்துமுறையில் சில குறைகள் இருந்தன என்றனர். குறை இருந்தால் திருத்த வேண்டும், நோக்கத்தையே கைவிடலாமா? ஒரு பெயருக்கு நூறாண்டு வழக்காடும் இனம் அங்கே. ஆயிரம் பெயர்களை ஒரு கிழமையில் மடித்து வைத்த ஆட்சி இங்கே!

எனவே, அயல்நாடு செல்லும் தமிழர்க்குச் சொல்ல வேண்டியது இதுவே. குடிமனைக்குள் நுழையாதிருப்பது நல்லது; வள்ளுவர் வழி அதுவே. நுழைபவரோ நுழையாதவரோ, செல்லும் ஊரின் பெயரை அவ்வூரார் ஒலிக்குமாறு கற்றுக் கொள்க. அங்கே விளையும் பொருளின் பெயரை அங்குள்ளோர் மொழியில் கேட்டறிக. அப்பெயரின் பொருளைக் கேட்டால் அங்குள்ள முதியவர் முகம் மலர்வார். அம்மலர்ச்சியே நாடு கண்டதன் அடையாளம். அப்பொருளை ஆக்குவது யார், ஊதியம் யாரைச் சேர்கிறது என்றும் கேட்க. பின்னர் ஊர் திரும்பியதும், தன் ஊரின் பெயரையும் தன் வீட்டுப் பொருளின் பெயரையும் அதே மதிப்போடு தன் வாயால் சொல்க.

பிறன் பெயரை மதிக்கத் தெரியாதவன் தன் பெயரைக் காக்க அறியான். தன் பெயரைக் காக்க அறியாதவன் தன் மண்ணையும் காக்க மாட்டான். 36 மிடாத் தோப்பியைத் தெருவில் கொட்டக் கலங்காத செக்கியர், தம் பெயரின் ஒரு துளியைச் சிந்தவிடவும் இசையவில்லை. தமிழர் எதைச் சிந்துகின்றனர், எதைக் காக்கின்றனர் என்பதை அவரவர் நெஞ்சு கேட்கட்டும்!